ஜாங்கிரி கேட் தாமதமான விவரம்

அரியலூர்
9.7.2003

மரியாதைக்குரிய மச்சான் காசிநாதன் அவர்களுக்கு,

செல்லதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை அமிர்தவல்லியும் உடம்பு அளவில் சுகம். குவைத்தில் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டோம், மோர் கிடைத்தால் குடிக்கவும். செந்துறையில் உங்கள் புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்து தரையும் போட்டாகிவிட்டது. ஆவணியில் குடிபோக நாளும் குறித்தாகிவிட்டது. கேட் மட்டும் இல்லை. கேட் இல்லாததால் தெருவில் உள்ள ஆடெல்லாம் உள்ளே வந்து புதுத் தரையில் படுத்துக்கொள்கிறது என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்புகிறார். கிரில் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளையே கேட் போடாவிட்டால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். காரணத்தை விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடமும் காட்ட வேண்டாம்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் செல்லக்கண்ணு என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், பார்த்தால் வணக்கம், அதற்குமேல் பேச்சில்லை. இப்போது மயில், அன்னம் போட்ட கேட்டை யாரும் கேட்பதில்லை, புதுசாக வேண்டும் என்கிறார்கள். டிசைன் புத்தகமோ எல்லாப் பட்டறையிலும் ஒன்றேதான் கிடக்கிறது. அதனால் நான் கண்ணில் படுவதையெல்லாம் டிசைனாகப் பார்க்க ஆரம்பித்தேன். கோடையில் உங்கள் தங்கை, கிழிந்த குடையின் துணியை உரித்துவிட்டு, கம்பிகளை விரித்து, கொல்லையில் தலைகீழாக மாட்டி அதில் கைக்குட்டை, பிள்ளைகளின் சாக்ஸ் எல்லாம் காயப்போட்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தால் சூரியன் கதிர் விட்ட மாதிரி இருந்தது. அப்படியே ஒரு ஜன்னல் செய்தேன். அதற்கு நான் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் செல்லக்கண்ணு ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு வீட்டுக்கு அதே குடையை மாட்டிவிட்டார். சரி, தற்செயல் என்று விட்டேன். பிறகு இட்லித் தட்டைப் பார்த்து வென்டிலேட்டர் போட்டேன். அடுத்த வாரமே ஓர் அரிசிக் கடை மாடியில் அவருடைய இட்லித் தட்டு இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு வீட்டுக்குள்ளேயே கண் போனது.

மச்சான் தப்பாக நினைக்கக் கூடாது. அவர் மனைவி லீலாவதியும் உங்கள் தங்கையும் ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் பேசாமலா இருப்பார்கள். நீதான் அவளிடம் சொன்னாயா என்று உங்கள் தங்கையிடம் நேராகவே கேட்டேன். "குடை என்னுது, இட்லித் தட்டும் என்னுது. டிசைன் யாருதுன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். உங்கள் வீட்டுக்குத் தேங்காய்த் துருவி மாதிரி கேட் போடப்போவதாக அவளிடம் மட்டும் பொய்யாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். செல்லக்கண்ணு துருவி கேட் எதுவும் போடவில்லை. அது பொறி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று என் சந்தேகம் இன்னும் கூடியது. பட்டறையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளேயே புழுக்கத்தில் வெல்டிங் செய்தேன். கடையை மூடிவிட்டேன் என்று வந்தவர்களும் திரும்பிப் போனார்கள்.

உங்கள் கேட்டுக்கு உண்மையில் நான் பார்த்துவைத்தது ஜாங்கிரி. பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடையில் மாஸ்டர் ஓட்டைத் துணியில் மாவைப் பிழிந்து, முதலில் வட்டம், பிறகு அதன் மேலேயே சின்னச் சின்ன வளையமாகச் சுற்றிக்கொண்டு போவார். கை நிற்கவே நிற்காது. ஒன்று வாங்கிவந்து பேப்பரில் வைத்துச் சுற்றி வரைந்து, பேப்பரைப் பீரோவில் பூட்டினேன். எறும்பு வந்ததால் அமிர்தவல்லிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பாதிக் கம்பி வளைத்திருப்பேன், பட்டறை வாசலில் ஒரு டெம்போ போனது. மேலே செல்லக்கண்ணு, பக்கத்தில் கேட், கேட் முழுக்க ஜாங்கிரி. நான் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன். அவள் அழவில்லை. பையில் புடவையை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் செந்துறைக்குப் போயி அந்த ஆட்டோட படுத்துக்கறேன். அதுவாச்சும் சந்தேகப்படாது. அதுக்கு முந்தி சிறுவாச்சூர்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன், வாங்க."

திங்கட்கிழமை போனோம். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். கோயில் வாசலில் செல்லக்கண்ணும் லீலாவதியும் நிற்கிறார்கள். அந்த அம்மாள் கையிலும் சூடப் பொட்டலம்.

"என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்றேன்.

"ஒரு திருட்டு விஷயமா வந்தோம்."

"என்ன திருட்டு?"

"டிசைன். ஆளு தெரியும். அத்தாட்சிதான் இல்ல" என்று என்னையே பார்த்தார்.

லீலாவதி உங்கள் தங்கையைப் பார்த்து, "உனக்கும் இதேதானா?" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே சூடத்தைச் சேர்த்துக் கொளுத்திவிட்டு வளையல் கடைக்குப் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"குடைய எங்க பாத்தீங்க?" என்றேன்.

"எங்க வூட்லதான். கிழிஞ்ச குடைய வேற என்ன பண்றது. அவளும் அதுலதான் துணி காயப்போடறா."

"ஜாங்கிரி?"

"பஸ் ஸ்டாண்டு கடை. மாஸ்டர் கையப் பாத்துட்டே நின்னேன், பஸ் போயிடுச்சு."

எனக்கும் அன்றைக்குப் பஸ் போனது. என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்தது அவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. மனசில் பாரம் இறங்கியது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. பழைய பம்புசெட்டுக் குழாயை அடிமரத்தில் அறைந்து, கம்பியை அதில் சுற்றினால் வளையம் ஒரே அளவாக வரும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். உங்கள் கேட்டுக்கு என்னோடு கூட நின்று வெல்டிங் செய்து தருவதாகவும் சொல்லியிருக்கிறார். தங்கமான மனிதர், நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டேன். அமிர்தவல்லி பையைப் பிரித்துவிட்டாள், சாப்பாட்டு விஷயம் மட்டும் பேசுகிறாள். ஆவணிக்குள் கேட் நிற்கும்.

சிறுவாச்சூர் அம்மன் உங்களைத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் வைத்திருந்து, குடிபோகும் நாளில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
செல்லதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை வந்தாள். பக்கத்து வீட்டுப் போனில் இப்போதுதான் பேசினீர்களாம். அங்கே ஒரு வீட்டில் பெரிய வட்டம், அதன் மேல் சின்னச் சின்ன வளையமாக ஒரு கேட் பார்த்ததாகவும், நமக்கும் அதே போல் போடச் சொன்னதாகவும் சொன்னாள். செல்லக்கண்ணுவை நான் தங்கமான மனிதர் என்று எழுதிய வரியை அடித்துவிடவும். அவருடைய சகலை ஒருவர் குவைத்தில் இருக்கிறாராம். வேலையை மறுபடி நிறுத்திவைத்திருக்கிறேன். நீங்கள் அங்கே யார் யாரிடம் என் கேட்டைப் பற்றிப் பேசினீர்கள் என்று யோசித்து எழுதவும். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் மிட்டாய்க் கடை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கவும். இல்லையென்றால் திருடியது உறுதி.