சேஷன் அவதரிப்பித்த பிரபந்தம்

திருவனந்தபுரத்தில் கூடிய கணினி இயற்பியல் சர்வதேச மாநாடு, மொழியையும் கூடவே வளர்த்துவிடுவது என்று தீர்மானித்தது. ஆகவே ஆய்வுக் கட்டுரையை இனி யாரும் பேப்பர் என்று சொல்லலாகாது, மலையாள முறைப்படி 'பிரபந்தம்' என்றும், அதை வாசிப்பதை 'அவதரிப்பித்தல்' என்றுமே சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று.

ஸ்ரீவராகம் அக்ரகாரத்து சேஷனுக்கு ஆட்சேபணை இல்லை. அவர் வீட்டிலும் பிரபந்தம் உண்டு. அது பெருமாள் சன்னதியில் பாடுவது. இயற்பியல் உதவிப் பேராசிரியரான அவருக்கு, சர்வதேச மாநாட்டில் கட்டுரை வாசித்த சான்றிதழ் இருந்தால்தான் பதவி உயர்வு. பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் எப்போதோ மேலே போய்விட்டார்கள்.

மாநாட்டு அரங்கில் ப்ரொஜெக்டரைக் காணோம். மேடையில் ஜமக்காளமும் சுருதிப் பெட்டியும் இருந்தன. சேஷன் நிகழ்ச்சி அலுவலர் சுஜித்தைப் பிடித்தார்.

"என்னைக் கலை நிகழ்ச்சியிலே போட்டிருக்கேளே!"

"பேரு சேஷன், ஸ்தலம் ஸ்ரீவராகம், இனம் பிரபந்தம். பின்னே பாட்டு அல்லாதே வேறென்ன சாரே?"

"காத்தோட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்ட பிரபந்தம்ப்பா அது!"

"காத்தைப் பற்றியும் பாடலாமல்லோ."

"மாத்திடுங்கோ."

"அதுக்குக் கமிட்டி கூடணும். மாநாடு கழிஞ்ஞிட்டுக் கூடும்." சுஜித் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு டென்ஷன்? சர்டிபிகேட்டில் 'பிரபந்தம் அவதரிப்பிச்சு' என்னு மாத்ரம்தான் வரும். பாடினதா பேசினதா என்னு ஆரும் கேட்க மாட்டாங்க."

நிர்வாகத்தின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சேஷன் சம்மணமிட்டு உட்கார்ந்து, சமன்பாடுகளைப் பாசுர மெட்டில் இழுத்துப் பாடினார். திரை இல்லாததால் பாதியில் ஒரு சமன்பாடு மறந்துபோயிற்று. வாய் தானாகப் பழகிய தடத்தில் இறங்கி, அசல் பாசுரத்துக்கே போய்விட்டது. நிறுத்தினால் சான்றிதழ் போகும். கண்ணை மூடிக்கொண்டு மீதி நேரம் முழுக்க அதையே பாடித் தீர்த்தார்.

கண் திறந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

"பிற்பகுதியில் எல்லை நிபந்தனைகளைக் கையாண்ட விதம் அபாரம்" என்றார் அமர்வுத் தலைவர், திருநெல்வேலிப் பேராசிரியர் குற்றாலலிங்கம். சான்றிதழையும் கையில் கொடுத்தார்.

சேஷன் கும்பிட்டுவிட்டு விடுவிடுவென்று வெளியே நடந்தார். தலைவர் பின்னாலேயே வந்தார். சேஷன் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஓய், பின்பாதியில பாடினது பாசுரம்தானே?"

"மன்னிச்சுக்கணும் சார்..."

"மன்னிப்பு கெடக்கட்டும். மத்தியானம் நம்ம முறை. நம்ம கணக்கு இன்னும் கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டே கெடக்கு. ரெண்டு பாசுரம் எழுதித் தாரும்வே."

அவருக்குப் பின்னால் ஒரு ஜெர்மானிய விஞ்ஞானியும் தாளும் பேனாவுமாக வரிசையில் நின்றிருந்தார்.