இரண்டு பேருக்கு ஒரு கேபின்

"கப்பலுக்கு நானும் வரேன்டா" என்று அக்கா சொன்னதும், மூக்குக்கண்ணாடிக்காரர் கையிலிருந்த பொடித் திருகாணி நழுவி மேஜைக்கடியில் எங்கோ உருண்டு போனது.

"எந்தக் கப்பலுக்கு?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"நடிக்காதே. நீயும் உன் பொண்டாட்டியும் கடல் தாண்டி வெளிநாடு போறீங்களாமே, நாலு நாள்! கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"உனக்கு யார் சொன்னா?"

"காத்துவாக்குல வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்த புது ஃப்ரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு அக்கா கண்ணாடியில் அழகு பார்த்தாள்.

அவர் குனிந்து மேஜைக்கடியில் திருகாணியைத் தேடினார். இந்தப் பயணம் ஊர்சுற்றுவதற்காக அல்ல. போன வருஷம் கடைப் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலே கதியென்று கிடந்தார். அப்போதுதான் அவர் காதில் அது விழுந்தது. மாடி அறையிலிருந்து மனைவியின் தம்பியான மச்சான், "அக்கா, என் நீலச் சட்டை எங்கே?" முன்னறையிலிருந்து அப்பா, "அம்மா, மாத்திரை!" எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அக்கா, "ஏம்மா, கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" போதாக்குறைக்குக் கட்டிலிலிருந்து இவர் வேறு, "இந்தா, இங்கே வாயேன்." கூப்பிட்டதெல்லாம் அவர் மனைவி ஒருத்தியைத்தான். ஒரு குரலுக்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. இவரைக் குளிப்பாட்டி, கை பிடித்து நடக்கப் பழக்கி, இடையில் கடைக்கும் ஓடி, அவள்தான் மறுபடியும் ஆளாக்கினாள்.

கால் சரியானதும் முதல் வேலையாகக் கப்பலில் இரண்டு பேர் கேபின் ஒன்றைப் பதிவு செய்தார்.

"நாலு நாள் உன்னை ஒருத்தரும் கூப்பிடக் கூடாது. அதுதான் என் ஆசை" என்று அவளிடம் சொன்னார்.

கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "நிஜமாவா? ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

இப்படி வாக்குக் கொடுத்த மனிதர் முன்னால்தான் அக்கா ஃப்ரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பயமுறுத்திப் பார்ப்போம் என்று இவர் முடிவு செய்தார்.

"அக்கா, இந்த மாசத்துல அலை பனைமர உசரம் எழும்புமாம். போன தடவை பாதிப் பேர் படுத்த படுக்கையா இறங்கினாங்களாம்."

அக்கா ஃப்ரேமைக் கழற்றினாள். முகம் வெளிறியிருந்தது. திட்டம் பலித்தது என்று இவர் மனதுக்குள் துள்ளிக் குதித்தார்.

"அப்படியா சங்கதி? அப்போ உங்க ரெண்டு பேரையும் தனியா விடவே முடியாது. உங்க அத்தான் அந்தக் காலத்துல நீச்சல்ல பரிசு வாங்கினவர். அவரையும் கூட்டிட்டு வரேன்."

அத்தான் இப்போது குளியலறை ஈரத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். அதைச் சொன்னால் அக்கா எடுத்தெறிந்து பேசுவாள் என்று இவர் அந்த ஃப்ரேமை வாங்கி அலமாரியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தை உடைத்தார்.

"பாவம், வரட்டுமேங்க. அவங்களும் எங்கே போயிருக்காங்க?" என்றாள் அவள்.

என்ன மனசு இவளுக்கு என்று அவர் வியந்து போனார். அந்த வியப்பு அடங்குவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"மாமா! நானும் லீவு போட்டுட்டேன்!" என்றபடி வந்து நின்றான் மச்சான்.

விஷயம் எப்படிக் கசிந்தது? போனில் பதிவு செய்தபோது தன் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும் என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் கிசுகிசுவென்றுதான் பேசினார். தொண்டை கட்டிவிட்டதென்று நினைத்து மனைவி வேளாவேளைக்கு வெந்நீர் கொடுத்தாள்.

மச்சானிடம் கேபினைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார். "அது ரெண்டு பேர் படுக்கிற இடம்டா. உன்னை எங்கே போடறது, பெட்டிக்குள்ளேயா?"

"அவ்வளவுதானே? என்கிட்ட விடுங்க" என்று மச்சான் போனைத் தட்டினான். டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டான். "மாமா, உங்க சின்ன கேபினை மாத்தியாச்சு. இப்போ ஆறு பேர் கேபின். ஆறு படுக்கை, ஒரே ரூம், ஜாலியா இருக்கும். திரும்ப மாத்தவெல்லாம் முடியாதாம், பயப்படாதீங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு பாக்கி இருந்தது. அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போனார்.

"அக்கா, நீ பார்த்துக்குவேன்னு நம்பித்தான் அப்பாவை விட்டுட்டுப் போறதா இருந்தேன். நீயும் கிளம்பிட்டா அவரை யார் பார்க்கிறது?"

அக்கா யோசித்தாள். பெற்ற அப்பா ஆயிற்றே. "நீ சொல்றது நியாயம்தான்டா. அவரையும் கூட்டிட்டுப் போயிடுவோம்."

"அவருக்குப் பாஸ்போர்ட்?"

"போன மாசமே உன் பொண்டாட்டி புதுப்பிச்சு வெச்சிருக்காளே! எதுக்கும் இருக்கட்டும்னு."

இதைக்கூட அவள் கவனித்திருக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்த நெஞ்சோடு வீடு திரும்பினால், அங்கே நல்ல சேதி காத்திருந்தது. அப்பா நாற்காலியை விட்டு அசைய மறுத்தார்.

"செஸ் ஆட ஆள் இல்லாத இடத்துக்கு நான் எதுக்கு வரணும்? தண்ணியைப் பார்க்கவா? தண்ணி இங்கேயே குழாய்ல வருது."

மூக்குக்கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா வராவிட்டால் அக்கா வரமாட்டாள். அக்கா வராவிட்டால் அத்தான் வரமாட்டார். மச்சான் ஒருவனை எப்படியாவது சமாளித்துவிடலாம். அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வாசலில் பெட்டியும் கையுமாக நின்றார் அப்பாவின் செஸ் கூட்டாளி, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தனிக்கட்டை. முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, நான் ரெடி! கப்பல் எப்போ?"

அப்பா உடனே நாற்காலியை விட்டு எழுந்து சட்டை தேடினார்.

இப்போது ஆள் ஏழு, படுக்கை ஆறு. துறைமுக அலுவலகத்துக்கு ஓடினார். கவுண்ட்டரில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஃபுல் சார். உட்கார்ந்து போற சீட்டுகூட இல்ல."

வீட்டுக்கு வந்து, "நான் நின்னுக்கறேன். நீ போயிட்டு வா" என்று மனைவியிடம் சொன்னார்.

"நல்லா இருக்கே! உங்க அப்பாவுக்கு வேளைக்கு மாத்திரை யார் குடுப்பா? உங்க அக்காவை யார் சமாளிப்பா? என் தம்பி உங்களைத் தவிர யார் சொன்னாக் கேப்பான்? நீங்கதான் போகணும். நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

"உனக்காகத்தானே இதெல்லாம்..."

"எனக்காக நீங்க நினைச்சீங்களே, அது ஒண்ணே போதும். இந்த மாதிரி யாருக்குங்க கிடைக்கும்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று அவர் கரைந்து போனார்.

கப்பல் கிளம்பும் நாளன்று துறைமுகம் வரை வந்தாள். அப்பாவின் மாத்திரைப் பெட்டி, அக்காவின் சால்வை, மச்சானின் நீலச் சட்டை எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஏணியை எடுக்கும்வரை ஒவ்வொருவரையும் எண்ணிச் சரிபார்த்தாள்.

கப்பல் நகர்ந்தது. கரையில் கையசைத்துக்கொண்டிருந்த அவள் உருவம் சிறுத்துக்கொண்டே போனது. உள்ளே அக்கா ஜன்னலோரப் படுக்கைக்காக அத்தானோடு சண்டை போடும் சத்தம் கேட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மூக்குக்கண்ணாடிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

போஸ்ட்மாஸ்டர் செஸ் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, உங்க வீட்டம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்னே தெரியல. 'எல்லாரையும் ஒவ்வொருத்தரா பேசிக் கிளப்பிட்டேன், கேபின்ல ஆறாவது படுக்கை ஒண்ணுதான் காலியா இருக்கு, நீங்க மட்டும் வந்து ரொப்பிட்டாப் போதும்'னு போன்ல என்ன கெஞ்சு கெஞ்சினாங்க!"