சீதன வீட்டில் நாலடி வெள்ளம்

"அந்த வீட்டுக்குள்ளை எப்பிடியடா தண்ணி வந்தது?" என்று கணினியைப் பார்த்தே கத்திவிட்டான் நிருஷன்.

வெளியே சுள்ளென்று வெயில். வெள்ளம் திரையில்தான். வழுக்கையாற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெருமழையில் எந்தத் துண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வந்து போகும் என்று கணக்கிடுவது பொறியியலாளரான அவனுடைய வேலை. அந்தக் கணக்கு சண்டிலிப்பாயில் ஒரு வீட்டை நாலடித் தண்ணீரில் அமிழ்த்தியிருந்தது. தையில் அவன் கலியாணம் கட்டப்போகும் உதயகலாவின் சீதன வீடு!

வெள்ள வரைபடம் நாளைக்குப் பொதுமண்டபச் சுவரில் ஏறும். 'வெள்ளம் நிக்கிற வளவையோ என்ரை பிள்ளைக்குத் தாறியள்?' என்று அம்மா அன்றைக்கே கலியாணத்தை முறித்துவிடுவார். உதயகலா இல்லாமல் அவனால் இருக்கவும் முடியாது, பாவம்.

இருப்புக் கொள்ளவில்லை. எழும்பினான், இருந்தான். வீட்டுப் பக்கக் கரையைக் கணக்கில் மூன்றடி உயர்த்தினான். தண்ணீர் எதிர்க்கரையேறிப் பள்ளிக்கூடத்துக்குள் போனது. அந்தக் கரையையும் உயர்த்தினான். மறிபட்ட வெள்ளம் பின்னுக்கு ஏறி, மேலதிகாரி அருளம்பலத்தின் வீட்டு முற்றத்தில் போய் நின்றது.

"ஐயோ, இனி வேலையும் போச்சு!"

பக்கத்து மேசைக் கீர்த்திகா எட்டிப் பார்த்தாள். "என்ன நிருஷன், வெள்ளத்தை வீடு வீடாக் கலைச்சுக்கொண்டு திரியிறியள்?"

"எங்கையாவது போய்த் துலையட்டும் எண்டு பாக்கிறன். போகுதில்லை!"

கடைசியில் உராய்வு எண்ணில் கை வைத்தான். ஆற்றுப் புல்லும் கல்லும் தண்ணீரை எவ்வளவு மறிக்கும் என்று சொல்லும் எண் அது. குறைத்தான். இன்னும் குறைத்தான். ஆறு முழுக்க மாபிள் கல் பதித்ததுபோலத் தண்ணீர் ஒரே ஓட்டமாகக் கடலுக்கு ஓடியது. வீடுகள் எல்லாம் காய்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் வரைபடத்தின் முன்னால் உதயகலாவின் தகப்பன் சீவரத்தினம் வெகுநேரம் நின்றார்.

"தம்பி, எங்கடை வீட்டுக்கு வெள்ளம் வராதோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் மாமா. ஒரு சொட்டும் வராது."

"உது உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம் மாமா!" நெஞ்சை நிமிர்த்தினான் நிருஷன்.

மாமா அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்ரை வயித்திலை பாலை வாத்தியள், தம்பி. போன மாரிக்கு வீட்டுக்குள்ளை நாலடி நிண்டதாலை, உங்களுக்கு நல்லூர் மாடி வீட்டை எழுதுவம் எண்டு இருந்தனான். நீங்களே வராது எண்டு கையெழுத்து வைச்சிட்டியள், இனி ஆத்தங்கரை வீடே உங்களுக்குப் போதும்!"