திசில்த்வெயிட்டின் தோள்பட்டை

எதிராளியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் போனால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனால்தான் ஆபத்து. நான் அரைகுறையாகப் போனேன்.

சிட்னிக்கு வந்து ஐந்து மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை. வென்ட்வேர்த்வில்லில் சின்ன வீடு. மனைவி சுமதி சிரித்தே நாளாகியிருந்தது. அப்போதுதான் பரமட்டாவில் ஓர் அலுவலகம் என்னை நேர்காணலுக்கு அழைத்தது. கடிதத்தில் கையெழுத்து: கே. திசில்த்வெயிட். (வேகமாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் துடைக்க வேண்டிவரும்.)

"பேட்டி எடுக்கிறவரைப் பத்திப் படிச்சுட்டுப் போங்க," என்றாள் சுமதி.

அந்தக் குடும்பப்பெயரில் புகழ்பெற்றவர்கள் என்று இணையத்தில் ஒரு பட்டியலே இருந்தது. ஒரு பாதிரியார், ஒரு தாவரவியல் அறிஞர், தோள்பட்டைக் காயத்தால் ஓய்வுபெற்ற ஒரு வேகப்பந்து வீச்சாளர். கடைசி ஆளின் முதலெழுத்தும் கே. போதாதா? இரண்டு நாள் உட்கார்ந்து அவருடைய விக்கெட்டுகளை மனப்பாடம் செய்தேன். (வேலை சம்பந்தமாக ஒரு வரி படிக்கவில்லை.)

நேர்காணல் அறையில் உயரமாக ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். மூலையில் நம்மூர் முகத்தோடு ஓர் அம்மா லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் உதவியாளர் என்று நானே முடிவு செய்து, வெள்ளைக்காரரின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"மிஸ்டர் திசில்த்வெயிட்! உங்கள் பந்துவீச்சுக்கு நான் பரம ரசிகன். தோள்பட்டை இப்போது தேவலையா?"

அவர் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. நான் பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தவன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மா லேப்டாப்பை மூடினார்.

"தம்பி, கே எண்டால் கமலினி. நான் யாழ்ப்பாணம். திசில்த்வெயிட் என்ர மனுசன்ர பேர். அவருக்குப் பந்து பிடிக்கவே தெரியாது."

காது வரை சுட்டது. "மன்னிச்சிடுங்க மேடம், நான் கிளம்பறேன்."

"எங்க போறீர்?" என்று எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "கதிரையில இரும். நாலு பேர் வந்தவை. என்ர பேரைத் தேடிப் பார்த்த ஒரே ஆள் நீர்தான். பிழையான ஆளைப் பிடிச்சது வேற கதை."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இதைவிடக் கேவலமாக இனி எதுவும் நடக்காது என்று தெரிந்ததும் என் பயமெல்லாம் போய்விட்டது. கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னேன். மறுநாளே வேலை உறுதியானது. விஷயத்தைக் கேட்ட சுமதி, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது அப்போதுதான்.

இன்றைக்கும் பள்ளிக்குப் புது ஆசிரியர் யாராவது வந்தால், என் மகள் அவர் பெயரை என்னிடம் சொல்வதில்லை.

"ப்ளீஸ்பா, நீங்க எதுவும் தேட வேணாம். நேர்ல வந்து சும்மா ஹலோ சொல்லுங்க, போதும்."