மருமகனும் மெல்ல நிரம்பும் கொமட் பெட்டியும்

வேலையில்லாத ஆட்களில் மிகவும் ஆபத்தானவன் புது மாப்பிள்ளை. அனுபவத்தில் சொல்கிறேன். மற்ற வேலையில்லாதவர்களுக்குச் சோறு கேட்டால்தான் கிடைக்கும், கூடவே நாலு ஏச்சும் கிடைக்கும். புது மாப்பிள்ளைக்கோ நண்டும் இறாலும் கேட்காமலே வரும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டால்கூட "ஐயோ தம்பி, நீங்கள் இருங்கோ" என்று ஆட்கள் ஓடிவருவார்கள். இப்படித் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவனுக்குத் தான் ஒரு பொறியியலாளன் என்ற எண்ணம் வருவது இயற்கை.

நான் முருங்கன் பக்கத்து வயல்காரக் குடும்பம். கலியாணம் செய்தது அரிப்பு என்ற கடற்கரை ஊரில். எங்கள் பகுதிகளில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு போய் ஏறவேண்டியதுதான். என் அம்மாவுக்கு இதில் அரை மனது. "கடற்கரைச் சாப்பாடு உனக்குச் செமிக்காதடா. ஒரு நாளைக்கு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வருவாய், இருந்து பார்" என்று சொல்லித்தான் வழியனுப்பினார். (ஆசீர்வாதம் இதற்குப் பிறகுதான் வந்தது.)

மாமனார் சொந்தப் படகு வைத்திருப்பவர். கடலுக்குப் போகாத நாட்களில் மேசன், தச்சன், மின்சார வேலைக்காரன் எல்லாம் அவரே. வீட்டார் அனைவருக்கும் பின்வளவில் ஒரு கக்கூசு இருந்தது. மருமகனை அங்கே நடக்கவிடுவது மரியாதையில்லை என்று, ஹோலோடு ஒட்டியபடி எனக்கென்றே ஒரு குளியலறை கட்டி, குந்தாமல் கதிரைபோல் இருக்கிற கொமட்டும் பூட்டி வைத்திருந்தார். அதற்குத் தண்ணீர் வரும் தாங்கியை, பக்கத்து வீட்டுத் தாங்கியைவிட ஒரு பனை உயரம் கூட்டி வைத்தார். "கடலில நிண்டு பாத்தாலும் என்ர வீடு தெரியவேணும்" என்பது அவருடைய கட்டடக் கலை.

சிக்கல் இதுதான். ஒருமுறை பொத்தானை அமத்தினால், கொமட்டின் முதுகில் இருக்கும் பெட்டி மறுபடி நிரம்ப, ஆறுதலாக ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம். தண்ணீர் நூல் போல இறங்கும். முதல் தடவை அமத்தியது போதாவிட்டால் இரண்டாம் தடவைக்காகக் காத்திருக்கவேண்டும். வாளியால் ஊற்றிவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். "கொமட் வைச்ச இடத்தில வாளி என்னத்துக்கு?" என்று மாமா அதைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டார்.

நான் உள்ளே பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே மாமி கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"தம்பி, வயித்துக்குள்ள என்னவும் செய்யுதோ?"

"இல்லை மாமி, ஒண்டுமில்லை."

"வெக்கப்படாதேங்கோ தம்பி. கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வாறன்."

பெட்டியில் பிழை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா தன் கையால் பூட்டியது அது. வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிப் பெருமைப்படுகிறவரிடம் எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தேன். எனக்கு வயிற்றோட்டம் என்று முடிவாகி, அடுத்த நாள் நண்டு நின்றது. அதற்கடுத்த நாள் கஞ்சி வந்தது. சந்தியில் முன்பின் தெரியாத மனிதர்கள் "இப்ப எப்பிடி, இறுகிட்டுதோ?" என்று சுகம் விசாரித்தார்கள். என் மனைவி றெஜினாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியதே தவிர வேறு பலன் இல்லை.

இந்த நிலையில்தான் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வரும் முறை வந்தது. செபமாலை மாதத்தில் சுரூபம் வீடுவீடாகப் போகும். போகிற வீட்டில் அயல் முழுவதும் கூடிச் செபம் சொல்லும். அதற்கு என் அம்மாவும் வருவதாகத் தகவல் வந்தது. எனக்குப் பகீரென்றது. மாமி வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நான் அப்பவே சொன்னனான்" என்று அம்மா தொடங்கினால், இரண்டு குடும்பமும் ஆயுளுக்கும் முகம் பார்க்காது. ஆகவே அம்மா வருமுன் பெட்டியைத் திருத்திவிட முடிவு செய்தேன், அதுவும் களவாக.

அன்று பின்னேரம் எல்லோரும் ஹோலைச் சோடித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் படலையில் ஒலிபெருக்கி மாதா பாட்டுப் பாடியது. நான் குறட்டோடும் ஒரு சின்னக் கத்தியோடும் உள்ளே போனேன். (கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதுவும் பாதிதான், மிச்சத்துக்கு டேட்டா இல்லை.) சுவரிலிருந்து பெட்டிக்குத் தண்ணீர் போகும் சின்ன வால்வு கால்வாசிதான் திறந்திருந்தது. அது மேற்கொண்டு திரும்பாதபடி, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூலால் சுற்றிச் சுற்றி, கடற்காரர் போடும் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது.

அறிவுள்ளவன் என்ன நினைப்பான்? இதை ஒருவர் காரணத்தோடுதான் கட்டியிருக்கிறார் என்று நினைப்பான். நான் கத்தியை எடுத்தேன்.

வால்வை முழுவதும் திறந்ததும் தண்ணீர் பாய்ந்தது. பெட்டி மடமடவென்று நிரம்பியது. எங்கோ ஒரு முனகல் கேட்டது. ஒலிபெருக்கி வயரில் கோளாறு என்று நினைத்து, படலைக்குப் போய் அவர்களுக்கும் ஓர் ஆலோசனை சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு தன்னம்பிக்கை.

மாலையில் ஹோல் நிறைந்துவிட்டது. செபத்தை முன்னின்று சொன்னவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். மாமிக்குப் பக்கத்தில் அம்மா, இருவருக்கும் நடுவில் ஒரு மரியாதையான இடைவெளி. செபமாலையின் இரண்டாம் பத்து நடக்கும்போது அம்மா மெல்ல எழுந்தார். முழங்கால் வருத்தக்காரி, குந்தமுடியாது. றெஜினா கையைப் பிடித்து எனது குளியலறைக்குக் கூட்டிப் போனாள்.

அம்மா அமத்தினார்.

ஒலிபெருக்கிப் பாட்டு நின்று செபம் மட்டும் கேட்ட அந்த நேரத்தில், சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழும்பியது. எங்கள் ஊரில் மாடு கன்று போடச் சிரமப்படும்போது அப்படித்தான் கத்தும். அது ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. தெருநாய்கள் பதில் சொல்லத் தொடங்கின. அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"என்னடா இது, உள்ளுக்குள்ள ஆரோ அழுகினம்!"

நான் பாய்ந்து உள்ளே போய் வால்வைப் பூட்டத் திருகினேன். பதற்றத்தில் எந்தப் பக்கம் திருகினேனோ தெரியாது, அது பூட்டுப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. பனை உயரத்துத் தாங்கியின் முழு வேகத்தோடும் தண்ணீர் என் நெஞ்சில் அடித்து, திறந்திருந்த கதவால் ஹோலுக்குப் போய், ரீச்சரின் கண்ணாடியைத் தட்டி விழுத்தியது. கால்களைத் தூக்கிக்கொண்டு சனம் கதிரைகளில் ஏறியது. மாதா மேசையில் இருந்தபடியால் தப்பினார். ரீச்சர் மட்டும் அசையவில்லை. கண்ணாடி இல்லாமலே, "அருள் நிறைந்த மரியே" என்று முன்னையிலும் உரக்கத் தொடர்ந்தார்.

மாமா தாங்கியில் ஏறித் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தார். நான் நனைந்த சாரத்தோடு, உடைந்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு ஹோல் வாசலில் நின்றேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"தம்பி, அந்த முடிச்சை ஆர் வெட்டினது?"

"நான்தான் மாமா. பெட்டி நிரம்ப நேரம் செண்டது. அதுதான்..."

மாமாவின் முகம் சுருங்கியது. "தாங்கி உயரமாப் போச்சு, தம்பி. முழுக்கத் திறந்தா இந்தச் சத்தம் வரும். நீங்கள் போய் வாறது ஊருக்கே கேட்டா உங்களுக்கு வெக்கமாயிருக்குமெண்டு நான்தான் குறைச்சுக் கட்டினனான்."

அவர் எனக்காக மறைத்திருக்கிறார். நான் அவருக்காக மறைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஹோல் காய்ந்திருக்கும். அப்போதுதான் மாமிக்கு எல்லாம் விளங்கியது. சபை நடுவில், என் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, உரத்த குரலில் கேட்டார்:

"அப்ப தம்பிக்கு இவ்வளவு நாளும் வயித்தால போகேல்லையோ?"

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு மாமியின் பக்கம் திரும்பினார்.

"அவன்ர வயித்தில ஒரு பிழையும் இல்லை, சம்மந்தி. கல்லைத் திண்டாலும் செமிக்கும். தலையிலதான் பிழை. கலியாணத்துக்கு முன்னம் சொல்லாமல் விட்டது என்ர குற்றம்."

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு கதிரைகளுக்கு மேலே நின்ற சனம் சிரித்தது. இரண்டு சம்மந்திகளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு தும்புத்தடியோடு தண்ணீரைத் தள்ளி ஹோலைக் காயவைத்தார்கள். காய்ந்து முடியுமுன் என் சின்ன வயது மடைத்தனங்கள் அத்தனையும் அம்மாவின் வாயிலிருந்து மாமியிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு கட்சி.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் சுரூபம் எங்கள் வீட்டுக்கு வரும்போது, மாதாவுக்குப் பக்கத்தில் பெரிய மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். புதிதாக வருகிறவர்கள் மருமகனுக்கு என்ன மரியாதை என்று வியப்பார்கள். பாரமான திரி, இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும், செபம் முடியும்வரை கீழே வைக்க விடமாட்டார்கள். அன்றைக்கு அம்மாவால் வரமுடியாவிட்டால் மாமிக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிக்குமுன் கேட்பது ஒன்றுதான்.

"சம்மந்தி, திரியை அவன்ர கையில குடுத்தாச்சோ?"