சந்தைக் கக்கூசுத் திறப்பு விழாவும் என் மானமும்

ஆவணி, 1959

பேரன்புமிக்க கனகலிங்கம் அத்தானுக்கு,

மைத்துனன் மயில்வாகனம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம், வயல் சுகம், குளத்திலும் தண்ணீர் கிடக்கிறது. சுகமில்லாதது என் மானம் ஒன்றுதான். அக்காவுடனும் பிள்ளைகளுடனும் நீங்கள் கொழும்பில் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் கிராமச் சபைத் தலைவரான நாள் முதல் எங்கள் சந்தைக்கு ஒரு கக்கூசு வேண்டுமென்று அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து செருப்புத் தேய்ந்தது உங்களுக்குத் தெரியும். சந்தைக்கு வருகிறவர்கள் பின்பக்கப் பற்றைக்காட்டையே நம்பியிருந்தார்கள், மழைக்காலத்தில் அந்தப் பக்கம் காற்றடித்தால் வெற்றிலைக் கடைக்காரர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வியாபாரம் செய்வார். ஒருவாறு இரண்டு அறையோடு கட்டிடம் எழும்பியது. ஓர் அறை ஆண்களுக்கு, மற்றது சபை அங்கத்தவர்களுக்கு என்று தீர்மானம். பெண்களுக்கு? "அவையள் வீட்ட போய் வருவினம்தானே" என்றார் உபதலைவர் வீரகத்தி. நாங்களும் தலையாட்டினோம். மறுநாளே, முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் மரியமலர் சபைக் கந்தோருக்கு வந்துவிட்டாள்.

"ஐயா, விடிய பஸ்ஸில வந்தால் பொழுதுபடத்தான் வீட்ட போறன். இடையில எங்க போறது? அந்தப் பயத்தில நாங்கள் ஒருத்தரும் சந்தையில ஒரு மிடறு தண்ணி குடிக்கிறேல்ல."

"அடுத்த வருஷம் பாப்பம்" என்று அனுப்பிவிட்டேன்.

திறப்பு விழாவன்று, நாடா வெட்ட அரசாங்கக் காரியாதிகாரி ஐயா வருவதற்கு முன், உள்ளே வாளி சரியாக வைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஆடு மாடு புகாமலிருக்கத் தச்சர் வெளியே மட்டும் கொண்டி போட்டிருந்தார். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது, கொண்டியும் விழுந்துவிட்டது. கத்தினேன், தட்டினேன், உதைத்தேன். வெளியே மேளச் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? காரியாதிகாரியின் கார் வந்து நின்றது, மேளமும் ஓய்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வீரகத்தியின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது: "எங்கட தலைவர் எங்கயெண்டு தெரியேல்ல. ஆனால் அவர் எங்க இருந்தாலும் அவற்ற மனம் இந்தக் கக்கூசுக்குள்ளதான் இருக்கும்!" சனம் கைதட்டியது. மேளம் மறுபடி தொடங்கியது.

அந்நேரம் பின்சுவர்த் துவாரத்துக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. மரியமலர்தான்.

"ஆர் உள்ளுக்கு?"

"நான், மயில்வாகனம்."

"என்னய்யா, திறக்க முன்னமே அவசரமோ?"

"தங்கச்சி, ஓடிப்போய்க் கதவைத் திற!"

"அடுத்த வருஷம் பாப்பம், ஐயா."

"சரி சரி, எங்கட அறையை உங்களுக்குத் தாறன்."

"மேளத்தில ஒண்டும் கேக்குதில்ல. உரத்துச் சொல்லுங்கோ."

மூச்சை இழுத்து, "பொம்பிளையளுக்கு ஒரு அறை! இது சத்தியம்!" என்று கத்தினேன். பாருங்கள் அத்தான், அந்தக் கணத்தில்தானா மேளகாரர் நிறுத்தவேண்டும்! சந்தை முழுக்கக் கேட்டுவிட்டது. மரியமலர் சுற்றிவந்து கொண்டியை எடுத்தாள். நான் பாய்ந்து வந்த வேகத்தில், காரியாதிகாரி கத்தரிக்கோலோடு காத்திருந்த நாடா என் நெஞ்சில் பட்டு அறுந்தது. "உள்ளேயிருந்து திறந்த முதல் கட்டிடம் இதுதான்" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முன்னால் சத்தியத்தை மாற்ற முடியுமா? அன்றே அறை கைமாறியது. பெண்கள் வரிசையாகப் போய் வந்தார்கள். மரியமலர் ஒரு செம்புத் தண்ணீரைச் சந்தை நடுவில் நின்று மடக்மடக்கென்று குடித்தாள்.

ஆனால் ஊர் இப்போது என்னைக் 'கக்கூசுத் தலைவர்' என்றே கூப்பிடுகிறது. தலைநிமிர்ந்து நடக்க வழியில்லை. பதவியை விடப்போகிறேன். கொழும்பில் ஏதாவது கிளாக்கர் வேலை பார்த்துத் தாருங்கள். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரப் பிள்ளையார் துணை நிற்பார்.

இப்படிக்கு,
வெளியே தலைகாட்ட முடியாத
மயில்வாகனம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் புளியங்குளத்தில் இருந்து ஆக்கள் வந்திட்டினம். தங்கட சந்தைக் கக்கூசையும் நான்தான் வந்து திறந்து வைக்கவேணுமாம், பொம்பிளையள் கேட்டு விட்டவையாம். வேலை ஒண்டும் பாக்க வேண்டாம், அத்தான். மேடைக்குப் போட நல்ல சால்வை ஒண்டு மட்டும் அனுப்பி விடுங்கோ.