கழுதைக்குக் காது தைத்த வகையில்

அடையாறு,
சனிக்கிழமை.

இயேசுவில் அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு, அப்பா பவுல்சாமி ஆசீரோடு எழுதுவது. இங்கே நான், உன் மகள் ஷில்பா, என் ரத்த அழுத்தம் மூவரும் இறையருளால் சௌக்கியம். ஐதராபாத்தில் உன் பயிற்சி வகுப்பும் நல்லபடி நடக்க மன்றாடுகிறேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், நீ நடுவில் பேசுவாய். கடிதத்துக்கு நடுவில் யாரும் பேச முடியாது.

"பத்து நாள் பாத்துக்குங்கப்பா. சரிப்பட்டா ஷில்பா தினமும் உங்ககிட்டயே இருக்கட்டும், இல்லன்னா டே-கேர்" என்று சொல்லிவிட்டுப் போனாய். கூடவே உன் சின்ன வயதுப் படப் புத்தகத்தையும் கொடுத்தாய். கடையில் யாரும் வாங்காமல் கிடக்கும் ஒற்றைக் காதுத் துணிக்கழுதையின் கதை. அதைப் பார்த்து, ஷில்பா வயிற்றில் இருந்தபோது, என் பழைய சாம்பல் நிறப் பேண்ட்டின் ஒரு காலை வெட்டி நீ தைத்த ஒற்றைக் காதுக் கழுதையும் வந்தது. உனக்கு நான் ஒரு நாள்கூட அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியதில்லை. எந்நேரமும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அது இப்போது உறுத்துகிறது. அதனால் இவளுக்காவது ஒழுங்காகப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் எப்படிப் படிப்பான்? ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று போர்ஷன் பிரித்துவிட்டேன். "தாத்தா, மிச்சமும் படிங்க" என்றவளிடம், "அது நாளைய பாடம்" என்றேன். அவளுக்குக் கதை மனப்பாடம், தெரியாதவன் நான் ஒருவன்தான். மூன்றாம் நாள், பாவம், கழுதை அழுகிற பக்கம் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பீரோவில் அந்தப் பேண்ட்டின் இன்னொரு கால் இருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து, ஷில்பாவின் கழுதைக்கு இருந்த காதை அளந்து, அப்படியே மறுபக்கத்துக்கு வரைந்து, அடுத்த தெரு டெய்லர் அப்துல் கய்யூமிடம் கொண்டுபோனேன். "இன்னா வாத்தியாரே, கழுதைக்கு ட்ரையல் பாக்க வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே அரை மணியில் தைத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கடைசி போர்ஷன். இரண்டு காதுக் கழுதையை மடியில் வைத்துக்கொண்டு நான் சத்தமாகப் படிக்கிறேன்: 'ஒற்றைக் காது இருப்பதால்தான் நீ என் கழுதை' என்று கதையில் கழுதையை வாங்க வரும் சிறுமி சொல்கிறாள். ஷில்பா அழவில்லை ஜொவிட்டா, அழுதிருந்தால் தேவலை. "இது யாரோட கழுத?" என்று கேட்டு, தூக்கிக்கொண்டு போய் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு என்னோடு பேச்சே இல்லை.

திரும்பவும் ஓடினேன். கய்யூம் கழுதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி கீது வாத்தியாரே. எதப் பிரிக்கறது, நீயே சொல்லு." எனக்கும் தெரியவில்லை. துணி ஒன்று, வெளுப்பு ஒன்று, அளவோ நான் எடுத்தது, மில்லிமீட்டர் பிசகாது. குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன், பிரித்துவிட்டார். ஒருவேளை அது நீ தைத்த காதாக இருந்தால் மன்னித்துவிடு. என்னை நம்பி ஒரு கழுதையையே விட முடியவில்லை, குழந்தையை எப்படி விடுவாய்? பேசாமல் டே-கேரில் சேர்த்துவிடு.

மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா பவுல்சாமி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஷில்பா வந்தாள். பிரித்த காதை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து, "இதான் என் காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆக, தப்பான காதைத்தான் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். காதை அவளே வைத்துக்கொண்டு, கழுதையை என் மடியில் போட்டாள். "இது உங்க கழுத. நீங்க சரியா பாத்துக்க மாட்டீங்க தாத்தா, நான் டெய்லி வந்து பாக்கறேன்." டே-கேரில் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது.